கதவில்லாத வாயில்

எங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறுகிறவர் பயணச்சீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் கவலையைச் சுமப்பதற்கென்றே நடத்துநர் ஒருவர் இருக்கிறார். தோளில் தோல்பையும், உதட்டில் ஊதலும், விரலிடுக்கில் நீளமாக மடித்த ரூபாய்த் தாள்களுமாக அவர் கூட்டத்தை நீந்திக்கொண்டு நம்மிடம் வந்துவிடுவார். கேட்டால் கொடுக்கிறோம். கேட்காமல் விட்டுவிட்டால் அது அவருடைய தவறு என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு இறங்கிவிடுகிறவர்களும் நம்மில் உண்டு. திண்டுக்கல்லில் பிறந்து, அங்கேயே ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்துவரும் எனக்கு, நேர்மை என்பதும் இப்படி யாரோ ஒருவர் வந்து கேட்கும்போது காட்டவேண்டிய சீட்டாகவே இதுநாள்வரை இருந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு மே மாதம் பெர்லின் நகரில் பத்து நாள்கள் இரயிலேறி இறங்கிய பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

என் தங்கை அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றுகிறாள். தந்தையின் மறைவுக்குப் பிறகு அம்மாவை ஒருமுறையேனும் அழைத்துவரும்படி அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பள்ளி விடுமுறையில் ஒருவாறு பணம் சேர்த்து, எழுபத்திரண்டு வயது அம்மா, நான், என் மனைவி, பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன் என ஐவரும் புறப்பட்டோம். ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்த வாரத்தில் அவளுக்கு இரவுப் பணி அமைந்துவிட்டது. பகலில் அவள் உறங்கியாக வேண்டும். முதல் நாள் மாலையில் சமையலறை மேசைமீது இரயில் வரைபடத்தை விரித்து வைத்தாள்.

"அண்ணா, கூட வந்து சுத்திக் காட்ட எனக்கு நேரமில்லை. ஆனா இந்தப் படம் புரிஞ்சுட்டா நான் தேவையே இல்லை" என்றாள்.

பல வண்ண நூல்களைச் சிக்கலாக்கிப் போட்டதுபோல் இருந்தது அந்தப் படம். நீலச் சதுரத்தில் 'யு' என்றால் சுரங்க இரயில். பச்சை வட்டத்தில் 'எஸ்' என்றால் நகர இரயில். 1902ஆம் ஆண்டு தொடங்கிய சுரங்க இரயிலுக்கு இன்று ஒன்பது தடங்கள். நடைமேடைப் பலகையில் வடக்கு, தெற்கு என்றெல்லாம் இராது. அந்தத் தடத்தின் கடைசி நிலையத்தின் பெயர்தான் இருக்கும். நாம் போகவேண்டிய இடத்தை மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது. நமக்குத் தேவையே இல்லாத அந்தக் கடைசி ஊரின் பெயரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் நிலப்படம் தொங்கவிட்டுப் பாடம் நடத்துகிறவனுக்கு இது எம்மாத்திரம்? "எல்லாரும் என் பின்னால் வந்தால் போதும்" என்று அறிவித்தேன். அம்மா தலையசைத்தார்கள். என் மகள் மட்டும், நான் மடிப்பதற்கு முன்பே, தன் கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில், தங்கை குடியிருந்த பகுதியிலுள்ள கெசுண்ட்புருன்னன் நிலையத்துக்குப் போனோம். அந்தப் பெயருக்கு 'நலம் தரும் ஊற்று' என்று பொருளாம். இயந்திரத்தில் நாணயங்களைப் போட்டு ஐந்து சீட்டுகள் வாங்கினேன். பிறகு வாயிலைத் தேடினேன். வாயில் இருந்தது, கதவுதான் இல்லை. சென்னை மெட்ரோவில் அட்டையைக் காட்டினால்தான் தடுப்பு விலகுகிறது. இங்கே தடுப்புமில்லை, காவலருமில்லை, சீட்டு கேட்பாருமில்லை. தெருவிலிருந்து படியிறங்கினால் நேரே நடைமேடை. அதன் ஓரமாகச் சிறு பெட்டியொன்று நின்றது. சிலர் அதன் வாயில் சீட்டை நுழைத்து எடுத்தார்கள். 'ணங்' என்று ஓர் ஓசை கேட்டது.

"ஏங்க, அவங்க என்னமோ செய்யிறாங்களே. நாமளும் செய்யணுமோ?" என்றாள் மனைவி.

"அது வேறு வகைச் சீட்டுக்கு" என்றேன். எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று முழுவதும் யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. மாலையில் சீட்டுகளைப் பார்த்த தங்கை திடுக்கிட்டாள். "அண்ணா, இதுல முத்திரையே இல்லையே! முத்திரை குத்தலைன்னா சீட்டு வாங்காத மாதிரிதான். சாதாரண உடையில பரிசோதகர் வருவாங்க. ஆளுக்கு 60 யூரோ அபராதம்" என்றாள். அந்தப் பெட்டியில் எழுதியிருக்கும் ஜெர்மன் சொல்லுக்கு 'மதிப்பை நீக்குதல்' என்பதே நேர்ப்பொருள் என்றும் சொன்னாள். முத்திரை விழுந்த கணத்தில் அந்தத் தாள் தன் மதிப்பை இழந்துவிடுகிறது; அந்த இழப்பினால்தான் அதை வைத்திருப்பவருக்குப் பயணம் செய்யும் உரிமை பிறக்கிறது. முத்திரையில்லாத எங்கள் ஐந்து சீட்டுகளோ இன்னமும் முழு மதிப்போடு மேசைமேல் கிடந்தன.

என் மகள்தான் கணக்குப் போட்டாள். "அப்படின்னா நாளைக்கு இதையே பயன்படுத்தலாமே, அப்பா? புதுசா வாங்க வேண்டாமே!"

நான் பதில் சொல்லவில்லை. யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்த்துப் பார்த்தே செலவு செய்துகொண்டிருந்த நாள்கள் அவை. எவரையும் ஏமாற்றும் எண்ணத்தோடு நாங்கள் போகவில்லையே, தவறு அறியாமையால் நேர்ந்ததுதானே என்று என் உள்ளம் எனக்காக வாதாடத் தொடங்கிவிட்டது. மறுநாள் காலையில் பழைய சீட்டுகள் என் பையில்தான் இருந்தன.

நிலையத்தில் அம்மா என்னிடம் கை நீட்டினார்கள். "தம்பி, நேத்துச் சீட்டைக் கொடு."

கொடுத்தேன். அம்மா அந்தப் பெட்டியின் அருகே போய், ஐந்து சீட்டுகளையும் ஒவ்வொன்றாக நுழைத்து எடுத்தார்கள். ஐந்துமுறை 'ணங்' என்றது. பிறகு அவற்றை மடித்துத் தம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இது நேத்துப் போனதுக்கு. இன்னைக்குப் போறதுக்கு வேற வாங்கிட்டு வா" என்றார்கள்.

பெரிய அறிவுரை எதையும் அம்மா சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் நின்ற யாரும் இதைக் கவனிக்கவுமில்லை. என் மகள் மட்டும் அந்தப் பெட்டியையும் அப்பாயியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இயந்திரத்தை நோக்கி நடந்தேன். கதவில்லாத வாயில் ஒன்றை மனிதர் எப்படிக் கடக்கவேண்டும் என்பதை, எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கும் என் தாய் எனக்குக் காட்டிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஸ்ப்ரே ஆற்றங்கரையிலுள்ள ட்ரெப்டோ பூங்காவுக்குப் புறப்பட்டோம். அதற்கு வட்ட இரயிலில் ஏறவேண்டும். நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளத்தில், 27 நிலையங்களோடு அது ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். இதற்குக் கடைசி நிலையம் என்பதே கிடையாது. கடிகார முள்ளின் திசையில் போவது எஸ்-41. எதிர்த்திசையில் வருவது எஸ்-42. நான் எஸ்-42இல் ஏற்றிவிட்டேன். எட்டே நிலையங்களில் போய்ச் சேரவேண்டியவர்கள் பத்தொன்பது நிலையங்களைக் கடந்து போனோம். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, அம்மா சன்னல் வழியே ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். "செபமாலை மாதிரிதான் இருக்கு. எந்தப் பக்கம் தொடங்கினாலும் சுத்தி வந்துடுது" என்றார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அந்தப் பயணத்தில்தான் என் மகள் ஒரு விதியை வகுத்தாள். "யாராவது பிரிஞ்சுட்டா, வண்டிக்குள்ள இருக்கிறவங்க அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, இறங்கின இடத்துலேயே நிக்கணும். வெளியே நிக்கிறவங்க அடுத்த வண்டியில வரணும். யாரும் யாரையும் தேடிக்கிட்டு அலையக் கூடாது." நான் இருக்கும்போது இந்த விதி எதற்கு என்று கேலி செய்தேன். அம்மா கேலி செய்யவில்லை. ஞானோபதேச வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் சிறுமியைப்போல, "அடுத்த ஸ்டேஷன்ல எறங்கணும், எறங்கின எடத்துலயே நிக்கணும்" என்று இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் பிரீடிரிக் வீதி நிலையத்தின் பக்கத்திலிருக்கும் 'கண்ணீர் மாளிகை'க்குப் போனோம். பெயரளவில்தான் அது மாளிகை. உண்மையில் 1962ஆம் ஆண்டு கட்டப்பட்ட, கண்ணாடிச் சுவர்கள் கொண்ட ஒரு மண்டபம். 1961ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் நகரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதன் பிறகு, கிழக்கே இருந்த உறவினரைக் காண மேற்கிலிருந்து வந்தவர்கள் திரும்பிச் செல்லும்போது இந்த மண்டபத்தின் வழியாகவே போகவேண்டியிருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். தாய் உள்ளே போவாள், மகள் வெளியே நிற்பாள். அங்கே சிந்திய கண்ணீரால் வந்த பெயர் அது. 2011ஆம் ஆண்டிலிருந்து அது அருங்காட்சியகமாக இருக்கிறது. அனுமதிக் கட்டணம் இல்லை. கடவுச்சீட்டைச் சோதித்த குறுகலான கூண்டுகளை இன்றும் வைத்திருக்கிறார்கள். இருவர் சேர்ந்து நிற்க முடியாத அந்த வழியில் என் மகன் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

நாங்கள் நாள்தோறும் பயணம் செய்த யு-8 தடத்தின் கதையை, வெளியே ஒரு திண்ணையில் உட்கார்ந்து, நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அந்தத் தடத்தின் இரண்டு முனைகளும் மேற்குப் பெர்லினில் இருந்தன. நடுவிலிருந்த ஆறு நிலையங்கள் கிழக்கின் அடியில் இருந்தன. எனவே மேற்கின் இரயில்கள் அந்த ஆறு நிலையங்களிலும் நிற்காமல் வேகத்தைக் குறைத்துக் கடந்து போயின. தெருவிலிருந்து இறங்கும் படிகளை அடைத்தார்கள். கிழக்கில் அச்சிட்ட வரைபடங்களிலிருந்து அந்த நிலையங்கள் மறைந்தன. மங்கலான விளக்கொளியில் ஆயுதம் தாங்கிய காவலர் மட்டும் நின்றார்கள். அந்தக் காவலரும் தப்பியோடிவிடக் கூடாது என்பதற்காக ஒருவரையொருவர் கண்காணிக்கும்படி நிறுத்தப்பட்டார்கள். மக்கள் அவற்றைப் பேய் நிலையங்கள் என்று அழைத்தார்கள். 1989ஆம் ஆண்டு நவம்பரில் சுவர் திறந்த பிறகே அவை ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. நாங்கள் வழிதவறிச் சுற்றிய வட்ட இரயிலும் 1961இல் துண்டிக்கப்பட்டதுதான். 2002ஆம் ஆண்டில்தான் அது மறுபடி முழு வட்டமாயிற்று.

"காவலுக்கே காவலா?" என்று கேட்டுவிட்டு அம்மா நெடுநேரம் பேசாதிருந்தார்கள்.

வீடு திரும்பும் நேரம் வந்தது. பிரீடிரிக் வீதியிலிருந்தே கெசுண்ட்புருன்னனுக்கு மாறாமல் போகும் எஸ் இரயில் இருப்பதாக என் மகள் சொன்னாள். அவள் சொன்னது சரி. எனக்கோ அலெக்சாண்டர் சதுக்கத்தில் இறங்கி யு-8 மாறும் வழிதான் பழகியிருந்தது. "பழகின வழியிலேயே போவோம்" என்று எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அலெக்சாண்டர் சதுக்கத்தில் மாலை நேரக் கூட்டம். இரயில் வந்து நின்றது. வழக்கம்போல் அம்மாவை முதலில் ஏற்றினோம். மற்றவர்கள் ஏறப்போகும் நேரத்தில் எனக்குள் திடீரென்று ஓர் ஐயம். நம் பக்கத்துக் கடைசி நிலையம் விட்டெனாவ்தானா? இது மறுபக்கம் போகும் வண்டியோ? "நில்லுங்க, நில்லுங்க" என்று கைநீட்டி மூவரையும் தடுத்தேன். "சரியான வண்டிதான்பா, ஏறுங்க!" என்று மகள் கத்தினாள். அதற்குள் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. "ட்சுரூக்ப்லைபென், பிட்டெ" என்றது ஒலிபெருக்கி. 'பின்னால் நில்லுங்கள்' என்று பொருள். கதவுகள் மூடிக்கொண்டன.

கண்ணாடிக்கு அப்பால் அம்மாவின் முகம். அதில் அச்சமிருந்ததா என்று பார்ப்பதற்குள் வண்டி சுரங்கத்துக்குள் போய்விட்டது.

அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கையில் தொலைபேசி இல்லை. தங்கை வீட்டு முகவரி என் பையில் இருந்தது. அடுத்த வண்டிக்கு ஐந்து நிமிடம் என்று காட்டியது பலகை. நான் மேலே போகும் படிகளை நோக்கி ஓடத் திரும்பினேன். வாடகைக் கார் பிடிக்கவா, காவலரைத் தேடவா என்பதுகூட எனக்குத் தெரியாது. மனைவி என் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அத்தை அங்கே நின்னுக்கிட்டிருப்பாங்க. அவங்க சொன்ன சொல் மாற மாட்டாங்க. நாமதான் மாறாம இருக்கணும்."

நின்றேன். கூட்டத்தோடு பிள்ளை வந்துகொண்டிருக்கிறான் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்ட நாசரேத்துப் பெற்றோரை நினைத்தேன். அவர்கள் தேடியது மூன்று நாள். சற்றுமுன் நான் பாடமாகச் சொல்லிவிட்டு வந்த அந்தத் தாய்மாரும் பிள்ளைகளும் காத்திருந்தது இருபத்தெட்டு ஆண்டு. என் பங்கு ஐந்து நிமிடம். அதையே என்னால் தாங்க முடியவில்லை. என் மகள் அழவில்லை. "அப்பாயிக்கு விதி தெரியும். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாங்க" என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நிலையம் வைன்மைஸ்டர் வீதி. அடைத்துக் கிடந்த ஆறு நிலையங்களுள் அதுவும் ஒன்று. எங்கள் வண்டி சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்குள் நுழைந்ததும் நால்வரும் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டோம். நடைமேடை இருக்கை ஒன்றில் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கைப்பை, விரல்களில் செபமாலை. பக்கத்தில், அம்மாவைவிட மூத்தவராகத் தோன்றிய ஜெர்மானிய மூதாட்டி ஒருவர். அவர் ஜெர்மனில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கி ஓடிவருவதைக் கண்டதும் அந்த மூதாட்டி எங்கள் நால்வரையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதுபோல் பார்த்தார். அம்மாவின் கைமேல் தம் கையை ஒரு கணம் வைத்து எடுத்தார். பிறகு நாங்கள் இறங்கிய அதே வண்டியில் ஏறிப் போய்விட்டார். தம் வண்டியை விட்டுவிட்டு அவர் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர் பிறந்தது கிழக்கிலோ மேற்கிலோ தெரியாது. நன்றி சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"பயந்துட்டீங்களாம்மா?" என்றேன். என் குரல்தான் நடுங்கியது.

"எதுக்குப் பயம்? வருவோம்னு சொல்லியிருந்தீங்களே. ஒரு பத்து மணி முடியறதுக்குள்ள வந்துட்டீங்க" என்றார்கள் அம்மா.

அன்றிரவு வரைபடத்தை என் பையிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்தேன். "இனிமே நீதான் வழி சொல்லணும். எனக்குச் சரியாகத் தெரியவில்லை" என்றேன். ஆறு நாள்களாக வாய்வரை வந்து நின்ற சொற்கள் அவை. சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை. எஞ்சிய நாள்களில் அவள் முன்னே நடந்தாள். விமான நிலையம் 'சி' மண்டலத்தில் இருப்பதால் அதற்கு வேறு சீட்டு வேண்டும் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். எனக்கும் ஒரு பணி கொடுத்தாள்: எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியாக ஏறுவது. குடும்பத் தலைவன் என்பவன் முன்னால்தான் நடக்கவேண்டும் என்று எண்ணியிருந்தேன். வாசலில் கடைசி ஆளாக நிற்பதும் தலைவனின் வேலைதான் என்பதை அங்கே கற்றுக்கொண்டேன்.

அந்நகர மக்கள் எல்லாரும் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படியானால் பரிசோதகர் எதற்கு, 60 யூரோ அபராதம் எதற்கு? ஆனால் ஒரு காலத்தில் படிகளை அடைத்துக் காவலுக்கும் காவல் வைத்திருந்த அதே நிலையங்களில், இன்று முன்பின் அறியாத என் குடும்பத்தை நம்பி ஒரு வாயில் திறந்து கிடந்தது. சந்தேகம் ஆண்டபோது, காவல் காத்தவனும் கைதியாகவே நின்றான். நம்பிக்கை இருக்குமிடத்தில், மொழியறியாத ஒரு முதியவள் நடைமேடை இருக்கையில் அமைதியாக உட்கார்ந்திருக்க முடிகிறது. பிறர் காணாதபோதும் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடுவது ஒரு நம்பிக்கை; கண்ணுக்குத் தெரியாதபோதும் வருவார்கள் என்று காத்திருப்பது இன்னொரு நம்பிக்கை. என் தாயிடம் இரண்டும் இருந்தன. பின்னதற்கு முன்னதே வேர் என்று இப்போது எண்ணுகிறேன்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், நானும் மகனும் ஒரு தனியார் நகரப் பேருந்தில் போனோம். மூச்சுவிட முடியாத கூட்டம். நடத்துநர் எங்களிடம் வந்து சேருவதற்குள் நாங்கள் இறங்கும் இடம் வந்துவிட்டது. நான் படியை நோக்கி நகர்ந்தேன். மகனைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், பெரியவர்களின் இடுப்புகளுக்கிடையே புகுந்துபோய், அவன் நடத்துநரின் தோல்பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"எங்ககிட்ட இன்னும் சீட்டுக்குக் காசு வாங்கலை."

நடத்துநர் ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு முழுச் சீட்டும் ஓர் அரைச் சீட்டும் கிழித்து அவன் கையில் கொடுத்தார். பேருந்து எங்களுக்காகச் சற்று நேரம் நின்றது.